இரண்டாவது முறை எழுதும்போது

ஒரே பரீட்சையை இரண்டாவது முறை எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூடுதலாகப் படிக்காதீர்கள், மெதுவாகப் படியுங்கள். சென்னையில் ஒரு பயிற்சி மையம் போன வருஷமும் இந்த வருஷமும் என்னைப் பேசக் கூப்பிட்டது. முதல் தடவை எண்பத்திரண்டு பெர்சென்டைல் எடுத்தவர் அடுத்த தடவை எப்படித் தொண்ணூற்றெட்டுக்குப் போனீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை, சார். பாதியைத்தான் சொன்னேன், அவ்வளவுதான்.

நீங்கள் என்னை வரச் சொன்னது வேறு விஷயத்துக்கு. கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த உருக்காலையில் இரண்டாயிரத்து ஏழில் நடந்த விபத்து, அதில் உலை ஆபரேட்டர் சுப்பிரமணி மேல் நடக்கிற வழக்கு. பழைய இரும்பு கொட்டும் யார்டுக்கு அப்போது நீங்கள்தானே பொறுப்பு, மூடின சிலிண்டர் எப்படி உலைக்குள் போனது என்று கேட்டீர்கள். தெரியாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். நீங்களும் அதைத்தான் எதிர்பார்த்தீர்கள். டீ கூடச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வெளியே பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்க்கிற அஞ்சம்மாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மரியாதை என்று தோன்றியது.

என் பெயர் துளசிராமன். திருப்பாச்சூர் பக்கம் எங்களுக்கு நெல் விளைகிற நிலம் உண்டு. நான் பயந்த சுபாவக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்தது எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். கெட்ட எண்ணம் என்று நீங்கள் எழுதினால் அது தவறாகிவிடும்.

உலையை நீங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. மேடையில் ஏறினால் காலடியில் ஒரு பெரிய கிணறு மாதிரி இருக்கும். உள்ளே இரும்பு உருகி, பார்க்கவே முடியாத வெள்ளையில் குலுங்கிக்கொண்டிருக்கும். கிரேன் மேலேயிருந்து பழைய இரும்பைக் கொட்டக் கொட்ட அது விழுங்கும். என்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சுப்பிரமணி என்னை மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. "மொதல்ல எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும் சார். ஒரு வாரத்துல பழகிடும்" என்றார். ஒரு வாரத்தில் பழகவில்லை. இரண்டு வருஷத்திலும் பழகவில்லை. தினமும் காலையில் ஆலை வாசலுக்கு வந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பேன். வெளியே யாருக்கும் காட்டிக்கொண்டதில்லை.

யார்டு வேலை கிடைத்ததில் எனக்கு ஒரு ஆறுதல், உலைக்குப் போக வேண்டாம். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். அதில் மூடின பொருள் எதுவும் உலைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வாய் அடைத்த குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர், எண்ணெய் சிலிண்டர், இந்த மாதிரி. உள்ளே கொஞ்சம் தண்ணீரோ எண்ணெயோ மாட்டிக்கொண்டிருந்தால் உலையில் விழுந்ததும் வெடிக்கும். உருகின இரும்பு மழை மாதிரி தெறிக்கும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து, சாக்பீஸில் குறுக்கே கோடு போட்டு, கேஸ் சுடரால் இரும்பு வெட்டுகிற கட்டரிடம் கொடுத்துவிடுவேன். இந்த வேலையை நான் நன்றாகச் செய்தேன். பயப்படுகிறவனுக்குக் கண் கூர்மையாக இருக்கும்.

ரஃபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் கெமிஸ்ட். உருகின இரும்பிலிருந்து கொஞ்சம் மொண்டு வந்து, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. பழவேற்காட்டுப் பையன். அப்பா நூர் அகமது அங்கே கருவாடு, இறால் வியாபாரம். கும்மிடிப்பூண்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறையில் நாங்கள் இருவரும் தங்கியிருந்தோம். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருப்பதையே எனக்குச் சொன்னவன் அவன்தான். "எவ்ளோ நாளு இந்தத் தூசிய துன்னுக்கினு இருக்கப் போற? எழுதுடா, ரெண்டு பேரும் போலாம்" என்றான். எனக்கு அது மேற்படிப்பாகத் தோன்றவில்லை. உலையில்லாத ஓர் ஊருக்குப் போகிற வழியாகத் தோன்றியது.

முதல் தடவை இருவரும் சேர்ந்து எழுதினோம். எனக்கு எண்பத்திரண்டு, அவனுக்குத் தொண்ணூற்றாறு. பெர்சென்டைல் என்றால் மார்க் இல்லை, சார். எழுதின நூறு பேரில் எத்தனை பேர் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்கிற கணக்கு. எண்பத்திரண்டை வைத்துக்கொண்டு ஒரு நல்ல கல்லூரிக்கும் போக முடியாது. அவன் ஆசைப்பட்ட கல்லூரிக்குத் தொண்ணூற்றாறும் போதவில்லை. அடுத்த வருஷம் மறுபடி எழுதுவது என்று இருவரும் முடிவு செய்தோம்.

அந்தக் கோடையில் ஆலையில் சின்னதாக ஒரு வெடிப்பு நடந்தது. யாரோ கவனிக்காத ஒரு குழாய். யாருக்கும் அடிபடவில்லை. டீ நேரம், மேடையில் ஆள் இல்லை. உலையின் உள்சுவர் விரிசல் விட்டுவிட்டது என்று பத்து நாள் ஆலையை மூடினார்கள். அந்தப் பத்து நாளும் நான் அறையில் உட்கார்ந்து படித்தேன். காலையில் எழுந்தால் பயம் இல்லை. படித்தது தலையில் நின்றது. மாதிரித் தேர்வில் முதன்முறையாகத் தொண்ணூறைத் தாண்டினேன். அப்போது வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

பரீட்சை நவம்பரில். அக்டோபர் தொடக்கத்தில் மேனேஜர் பரசுராமனிடம் போய் மூன்று வாரம் லீவு கேட்டேன்.

"இன்னாப்பா, விளையாடறியா?" என்றார். "ஆர்டர் தலைக்கு மேல நிக்குது. எக்ஸாம் அன்னிக்கு ஒரு நாள் எட்த்துக்கோ."

"போன வாட்டி அப்பிடித்தான் சார் எழுதினேன். தேறலை."

"போன வாட்டி தேறாதவன் இந்த வாட்டி மட்டும் இன்னா பண்ணப் போற? உனக்குப் படிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. உலைய கண்டா பயம். அத்த வுட்டு ஓடணும். உன் மூஞ்சிலயே எழுதி ஒட்டியிருக்கு."

அவர் திட்டியது எனக்கு வருத்தமாக இல்லை. அது வெளியே தெரிகிறது என்பதுதான் என்னைக் கலக்கியது. அன்று முழுவதும் யாராவது என்னைப் பார்த்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வேலையை விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். வேலையை விட்டவனைக் கல்லூரி இன்டர்வியூவில் குடைந்து எடுப்பார்கள். அதோடு, வீட்டுக்குப் போனால் அப்பா அறுவடைக்கு நிற்கச் சொல்வார், அம்மா பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆலை மட்டும் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தால் வேலையும் போகாது, நேரமும் கிடைக்கும். எல்லோருக்கும் ஓய்வு. இப்படி யோசிப்பதில் தவறு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு லாரியில் ஒரு எண்ணெய் சிலிண்டர் வந்தது. மண் அள்ளும் எந்திரத்திலிருந்து கழற்றியது. நீல பெயின்ட். இரண்டு பக்கமும் மூடி இறுகிப் போயிருந்தது. வழக்கம்போல் தனியாக எடுத்துச் சுவர் ஓரம் வைத்து, சாக்பீஸில் கோடு போட்டேன். ரஃபி அந்த வழியாகப் போனவன், "இது நல்லா வெய்ட்டா கீதே, பாத்துடா" என்று சொல்லிவிட்டுப் போனான். கட்டரிடம் கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்றுதான் ஆலை விசாரணையில் சொன்னேன். கொடுக்கவில்லை என்பதுதான் சரி.

மதியம் டீ வந்தது. டீ வந்தால் மேடையில் யாரும் இருக்க மாட்டார்கள். கோடையில் நடந்ததைப் பார்த்ததிலிருந்து அது எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டரைக் கைவண்டியில் தள்ளிப் போய், கிரேன் பக்கெட்டில் போட்டு, மேலே தகரத் துண்டுகளைப் பரப்பினேன். கிரேன் ஓட்டுகிற குப்புராஜுக்கு மேலேயிருந்து தகரம்தான் தெரியும். அவர் பக்கெட்டைத் தூக்கினார்.

அப்போதுதான் ரஃபி பரிசோதனைக்கூடத்திலிருந்து நீண்ட கரண்டியோடு மேடைக்கு ஏறுவதைப் பார்த்தேன். அவன் டீக்குப் போகவில்லை. சீக்கிரம் இரும்பு மாதிரியை எடுத்து வேலையை முடித்தால் அறைக்குப் போய்ப் படிக்கலாம் என்று நினைத்திருப்பான்.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான், சார். கூப்பிட்டால் ஏன் கூப்பிட்டாய் என்று கேட்பான். என்ன சொல்வது என்று யோசித்தேன். பக்கெட் வருவதைப் பார்த்து அவனும் விலகிக் கைப்பிடி ஓரம் நின்றான். வழக்கமாக அது போதும். அதற்குள் இறங்கிவிடுவான் என்று ஒரு கணக்குப் போட்டேன். காலம், வேகம், தூரம் கணக்கில் நான் எப்போதும் சுமார்தான்.

சத்தம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அவன் பிழைத்துக்கொண்டான். முகம், மார்பு, இரண்டு கையும் வெந்திருந்தன. சென்னையில் அரசு ஆஸ்பத்திரி தீக்காய வார்டில் சேர்த்தார்கள். கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள், பார்வை திரும்பும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. ஆலையை மறு உத்தரவு வரும்வரை மூடச் சொல்லிவிட்டார்கள். மேடையை விட்டு டீக்குப் போனது சுப்பிரமணியின் தப்பு என்றும், பக்கெட்டை ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றும் மேனேஜர் எழுதிக் கொடுத்தார். சுப்பிரமணிக்கு வேலை போயிற்று. அவர் பெண்டாட்டி முத்தம்மா என் அறைக்கு வந்து, "நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க சார். அவுரு பாக்காம போட்ற ஆளு இல்ல" என்றார். பார்க்கலாம்க்கா என்றேன்.

எனக்கு நேரம் கிடைத்தது. ஆனால் அறையில் உட்கார முடியவில்லை. அவன் கட்டில் எதிரே இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் அந்தச் சத்தம் கேட்டது. பயத்தில் எழுந்து நின்றுகொள்வேன். அதனால் காலை ரயிலைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தேன். நோயாளிக்குத் துணையாக ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அவன் அம்மா மரியம் பீவிக்கு அவனைப் பார்த்தாலே மயக்கம் வந்தது. அப்பா வியாபாரத்தை விட்டுவிட்டுத் தினமும் வர முடியவில்லை. பகல் முழுவதும் நான் இருக்கிறேன் என்றேன். மரியம் பீவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "கூட வேலை பாத்தவங்க அத்தினி பேரும் கைகழுவிட்டாங்க தம்பி. நீ ஒருத்தன்தான் கைகழுவல" என்றார்.

வார்டு வாசலில் அஞ்சம்மாள் இருப்பார். செருப்பைக் கழற்றச் சொல்வார், மேலே ஒரு துணி அங்கி கொடுப்பார், குழாயைக் காட்டுவார். "சோப்பு போட்டு நல்லா கழுவிக்கினு உள்ள போ தம்பி. தோலு போன ஒடம்பு. நம்ம கையில இருக்கறது போதும் அவங்கள கொண்டுக்கினு போக" என்பார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் சொல்வார். நானும் முழங்கை வரை கழுவிக்கொண்டு போவேன்.

ஒரு வாரம் கழித்து ரஃபிக்குப் பேச்சு தெளிவாக வந்தது. முதலில் கேட்டது புத்தகம். "எட்த்துக்கினு வாடா. சும்மா படுத்துக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்றான். "நான் இந்த வருசம் எழுத முடியாது. நீ எழுது. நான் எழுதற மாதிரி எழுது."

அப்படித்தான் நான் படித்தேன், சார். பயிற்சி மையத்தில் நான் சொல்லாத பாதி இது. கணக்கை நான் வாய்விட்டுப் படிப்பேன். அவன் கண் கட்டோடு கூரையைப் பார்த்துப் படுத்தபடி மனதுக்குள் போட்டு விடையைச் சொல்வான். பிறகு எப்படிப் போட்டான் என்று எனக்கு விளங்கும்வரை சொல்லிக்கொடுப்பான். ஆங்கிலப் பகுதியில்தான் நான் முன்பு தோற்றேன். பெரிய பெரிய பத்தியாகக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். நான் ஓடி ஓடிப் படிப்பேன், ஒன்றும் ஏறாது. ரஃபி நிறுத்துவான். "மெதுவா படி. கேக்கறவனுக்குக் கண்ணு இல்ல" என்பான். முடித்ததும் ஒன்றுதான் கேட்பான். "இத எழுதின ஆளுக்கு யாரு மேல கோவம்?" முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. எழுதுகிறவன் யாரோ ஒருவன் மேல் எரிச்சலில்தான் எழுதுகிறான். அது யார் என்று பிடித்துவிட்டால் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்துவிடும். ஒரு முறைகூட அந்த வழி என்னைக் கைவிடவில்லை.

வலி வரும்போது நிறுத்துவோம். ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைத்துவிடுவேன். அவன் என்னிடம் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அந்த நாட்கள் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தன. இப்படியே பரீட்சை வரை போயிருந்தால் நான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பரீட்சைக்கு முன்னால் இரண்டு வாரம் இருக்கும். ஒரு பத்தியைப் படித்து முடித்திருந்தேன். யார் மேல் கோபம் என்று அவன் கேட்கவில்லை.

"துளசி, அந்த பக்கெட்டு எறங்கறப்போ பாத்தேன்டா. தகரம் சரிஞ்சுது. உள்ள நீலக் கலரு இருந்துச்சு."

நான் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"காலைல நீ கோடு போட்டு வெச்சியே, அதான். அது எப்பிடி பக்கெட்டுக்கு வந்துச்சு?"

"தெரியல. யாராச்சும் பாக்காம எடுத்துப் போட்டிருப்பாங்க."

"கோடு போட்டத யாரும் தொட மாட்டாங்களே." கணக்குப் போடுகிற அதே குரலில்தான் பேசினான். "குப்புராஜ் மேல இருந்தாரு. சுப்பிரமணி டீக்குப் போயிட்டாரு. கட்டரும் டீக்குப் போயிட்டாரு. யார்டுல அப்போ யாரு..."

அங்கே நிறுத்தினான். அவன் கணக்கைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. விடை வந்தால்தான் நிறுத்துவான். கண்ணில் கட்டு இருந்ததால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ஒருவன் நம்மைப் பார்க்கிறானா இல்லையா என்றே தெரியாமல் அவன் எதிரே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை, சார். உலை மேடை பரவாயில்லை.

கடைசியில் அவன்தான் சொன்னான். "சரி, அடுத்தது படி. எக்ஸாம் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

நான் அடுத்ததைப் படித்தேன். ஒரே வரியை இரண்டு தடவை படித்துவிட்டேன். அவன் அதைக் கேட்டிருப்பான். கேட்க மட்டும்தானே அவனால் முடிந்தது.

அவனுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ரயிலில் திரும்பும்போதெல்லாம் அதையே யோசித்தேன். தெரிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பான், என்னைப் பக்கத்தில் சேர்த்திருக்க மாட்டான். தெரியவில்லை என்றால் ஏன் பாதியில் நிறுத்தினான்? எக்ஸாம் முடிந்ததும் பேசலாம் என்றால் எதைப் பற்றி? மூன்று இரவு தூங்கவில்லை. அதுவரை ஏறியிருந்த மாதிரித் தேர்வு மார்க் மறுபடி இறங்கியது. இவ்வளவும் நடந்த பிறகு அந்த மார்க்கும் இறங்கிவிட்டால் ரஃபி பட்டதற்கு என்ன அர்த்தம்? அவனுக்காகவாவது நான் நிதானமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் வார்டு வாசலில் கூட்டமாக இருந்தது. புதிதாக யாரையோ கொண்டுவந்திருந்தார்கள். அஞ்சம்மாள் அந்தப் பக்கம் ஓடினார். நான் அங்கியை மாட்டிக்கொண்டேன். குழாயடியில் ஆள் நின்றது. கழுவாமல் உள்ளே போனேன். அது தற்செயல்தான்.

மறுநாள் குழாயடியில் யாரும் இல்லை. அன்றும் கழுவவில்லை.

கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்தனை பேர் பிடித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த கை. அதே கையால் அவன் உதட்டைத் துடைத்தேன். தலையணையைச் சரி செய்தேன். தோளில் கட்டு நழுவினால் எடுத்து வைத்தேன். யாரும் பார்த்தால் நல்ல கவனிப்பு என்றுதான் சொல்வார்கள். நான் எதையும் செய்யவில்லை, சார். ஒன்றைச் செய்யாமல் இருந்தேன்.

ஒரு நாள் அஞ்சம்மாள் என்னை நிறுத்தினார்.

"கழுவினியா தம்பி?"

"கழுவிட்டேன் ஆயா."

"கை ஈரமே இல்லியே."

"துடைச்சுட்டேன்."

என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். மேனேஜர் பார்த்தாரே, அதே மாதிரி. மறுபடி கழுவிவிட்டுப் போ என்று அவர் சொல்லியிருந்தால் கழுவியிருப்பேன். உள்ளே யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ரஃபிக்குக் காய்ச்சல் வந்தது. புண்ணில் சீழ் பிடித்துவிட்டது, ரத்தத்திலும் ஏறிவிட்டது என்றார்கள். இவ்வளவு பெரிய காயத்துக்கு இது நடப்பதுதான் என்று டாக்டர் அவன் அப்பாவிடம் சொல்வதை நானும் கேட்டேன். அதனால் என்னால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. தேர்வுக்கூடத்தில் எனக்குப் பயம் கொஞ்சமும் இல்லை. அதுவே ஆச்சரியமாக இருந்தது. ஆங்கிலப் பகுதிக்கு வந்தேன். ஒரு நீண்ட பத்தி, ஏதோ நாட்டின் ஆறுகளைப் பற்றி. மெதுவாகப் படித்தேன். முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல அவன் குரல் கேட்டது. யாரு மேல கோவம்? அப்போதுதான் உடம்பு விறைத்தது. கண்காணிப்பாளர் வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விடையைக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போனேன். எல்லாப் பத்தியிலும் அந்தக் குரல் வந்தது. எல்லா விடையும் சரியாக இருந்தது.

வெளியே வந்து செல்போனை ஆன் செய்தேன். நூர் அகமது கூப்பிட்டிருந்தார். நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தபோதே ரஃபி போய்விட்டான்.

பழவேற்காட்டில் அடக்கம். நான் கடைசி வரை நின்றேன். மரியம் பீவி அந்த நிலையிலும், "பரீட்சை நல்லா எழுதினியா தம்பி?" என்று கேட்டார். நல்லா எழுதினேம்மா என்றேன். "அது போதும். அவன் உனக்குச் சொல்லிக் குடுத்ததாச்சும் வீணாப் போவல" என்றார். ஜனவரியில் ரிசல்ட் வந்தது. தொண்ணூற்றெட்டு. ரஃபி முதல் தடவை எடுத்ததைவிட இரண்டு அதிகம். மரியம் பீவியிடம்தான் முதலில் சொன்னேன். சேமியா செய்து கொடுத்தார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் கூப்பிடுகிறார். போகிறேன். சாப்பிடும்போது அவர் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்க்கிற மாதிரி இருக்கும். அது என் பயம்தான், அவர் அப்படிப் பார்க்கிறவர் இல்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த சிலிண்டரை பக்கெட்டில் போட்டது நான். சுப்பிரமணி மேல் தப்பு இல்லை. ரஃபியைக் கூப்பிடாமல் இருந்ததும் நான்தான். கை கழுவாமல் அவனைத் தொட்டதும் நான்தான், தெரிந்துதான் தொட்டேன். எந்தப் பிரிவில் எழுதுவீர்களோ எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் சிநேகிதத்தில் நான் குறை வைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. காய்ச்சல் அதிகமாகிக் கிடந்தபோதும் தினமும் போனேன். கடைசி வெள்ளிக்கிழமை துணியை நனைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். என் காலடிச் சத்தம் கேட்டதுமே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "வராதடா துளசி. கிட்ட வராத" என்றான். பாவம், பரீட்சைக்கு இரண்டு நாள்கூட இல்லை, என் நேரம் வீணாகப் போகிறதே என்கிற கவலை அவனுக்கு.